நாஷ்வில்லில் கிடைத்த ஒரு புள்ளி

நாஷ்வில் நகரின் பழைய பொருட்காட்சித் திடலைத் தாண்டித்தான் ஜியோடிஸ் பார்க் அரங்கத்துக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் நூறாண்டு கடந்த கார் பந்தயத் தடம். அதற்குப் பக்கத்திலேயே 2022 மே மாதம் திறக்கப்பட்ட கால்பந்து அரங்கம். ஏறக்குறைய 30,000 பேர் உட்காரலாம். அமெரிக்காவில் கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட அரங்கங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 2025 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை நண்பகலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கார் நிறுத்துமிடத்திலேயே நீலமும் மஞ்சளும் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டன. ஜெர்சி, தொப்பி, தோளில் போர்த்திய கொடி, கைக்குழந்தையின் சட்டை எல்லாமே அந்த இரண்டு நிறம்தான். அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் ரசிகர்கள் வேலை நாளென்றும் பார்க்காமல் டென்னசி மாநிலத்துக்கு வந்து இறங்கியிருந்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். ஃபிஃபா கிளப் உலகக் கோப்பையின் 'சி' பிரிவில் கடைசிச் சுற்று. போகாவை எதிர்த்து ஆடப்போவது நியூசிலாந்தின் ஆக்லாந்து சிட்டி.

அட்லாண்டாவில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டிருந்தோம். தங்கை மகன் பதினைந்து வயதுக்காரன், பள்ளி அணியில் டிஃபென்ஸ் ஆடுகிறவன். வண்டி சட்டநூகா ஊரைக் கடக்கும்போது, ஆக்லாந்து சிட்டி அணி இங்கேதான் முகாம் போட்டிருக்கிறது என்று சொன்னேன். அவன் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்திக் கேட்டான்: "மாமா, பத்து கோல் வாங்குன டீம் அது. அதைப் பாக்கவா இவ்வளவு தூரம் போறோம்? அவங்க எதுக்கு இந்த டோர்னமென்டுக்கு வந்தாங்க?"

அந்த மாதம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் பலர் கேட்ட கேள்வியும் அதுதான். ஜூன் 15 அன்று சின்சினாட்டியில் பெய்ரன் மியூனிக் ஆக்லாந்தை 10-0 என்று தோற்கடித்திருந்தது. கிளப் உலகக் கோப்பை வரலாற்றில் அவ்வளவு பெரிய வெற்றி அதற்கு முன் இல்லை. ஐந்து நாள் கழித்து ஓர்லாண்டோவில் போர்ச்சுகலின் பென்ஃபிகா அடித்தது ஆறு. இரண்டு ஆட்டத்தில் பதினாறு கோல் வாங்கி, ஒன்றுகூடத் திருப்பிக் கொடுக்காத அணி.

அந்தக் கேள்விக்கு வண்டியிலேயே பதில் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

வந்த வழி

இந்தப் போட்டியில் 32 அணிகள். ஐரோப்பாவுக்கு 12 இடம், தென்னமெரிக்காவுக்கு 6. ஆசியா, ஆப்பிரிக்கா, வட-மத்திய அமெரிக்கா ஆகிய மூன்றுக்கும் தலா 4. போட்டியை நடத்தும் அமெரிக்காவுக்குக் கூடுதலாக ஒன்று. பசிபிக் தீவுகளும் நியூசிலாந்தும் அடங்கிய ஓசியானியாவுக்கு ஒரே ஒரு இடம்.

அந்த ஓர் இடத்தைப் பிடிக்க ஆக்லாந்து சிட்டி செய்தது சாதாரணமானதில்லை. 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து ஓசியானியா சாம்பியன்ஸ் லீக்கை வென்றார்கள். தாஹிட்டி, ஃபிஜி, வனுவாட்டு, சாலமன் தீவுகள் என்று கடலில் சிதறிக் கிடக்கும் ஊர்களின் சாம்பியன்கள் கலந்துகொள்ளும் போட்டி அது. போட்டிக்காகக் கடல் தாண்டி விமானம் ஏறுவதும், முடிந்த கையோடு திரும்பி வந்து வேலைக்குப் போவதும் அந்த வட்டாரக் கால்பந்தில் வழக்கம்.

வேலைக்குப் போவது என்று எழுதியது உள்ளபடியே வேலைக்குப் போவதைத்தான். ஆக்லாந்து சிட்டி தொழில்முறை அணி அல்ல. அவர்கள் ஆடும் லீக்கின் விதிப்படி ஒரு ஆட்டக்காரருக்குச் செலவுப் பணமாக வாரத்துக்கு அதிகபட்சம் 150 நியூசிலாந்து டாலர்தான் கொடுக்கலாம். அணியின் தலைவர் மரியோ இலிச் குளிர்பான நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. வீடு-மனை விற்றுக் கொடுப்பவர், முடிதிருத்துபவர், கிடங்கில் வேலை செய்பவர், கல்லூரி மாணவர் எல்லாரும் அந்த அணியில் உண்டு. தடுப்பாட்டக்காரர் கிறிஸ்டியன் கிரே பள்ளி உடற்கல்வி ஆசிரியராவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. அமெரிக்காவுக்கு வருவதற்காகப் பலர் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தார்கள்.

இந்தக் கிளப் தொடங்கப்பட்டதே 2004-இல்தான். ஆனால் 2006 முதல் கிளப் உலகக் கோப்பைக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. 2014-இல் மொராக்கோவில் நடந்த போட்டியில் உள்ளூர் சாம்பியனான மொக்ரெப் தெத்துவானைப் பெனால்டியில் வீழ்த்தினார்கள். ஆப்பிரிக்கச் சாம்பியனான அல்ஜீரியாவின் செத்தீஃபை 1-0 என்று வென்றார்கள். அரையிறுதியில் புவெனஸ் அய்ரஸ் நகரின் சான் லொரென்சோவை 90 நிமிடம் 1-1 என்று நிறுத்திவைத்து, கூடுதல் நேரத்தில்தான் தோற்றார்கள். பிறகு மெக்சிகோவின் குரூஸ் அசூலைப் பெனால்டியில் வென்று உலகில் மூன்றாம் இடம் பிடித்தார்கள். பத்து கோலைப் பேசியவர்கள் பெரும்பாலும் இதைப் பேசவில்லை.

முரசுக்காரர்

அரங்கத்தின் வாசலுக்கு வெளியே, மரநிழல் இருந்த இடங்களில் எல்லாம் போகா ரசிகர்கள் கூடி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். புழுக்கம் தாங்க முடியவில்லை. சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றுகிறார்கள். பெரிய முரசு ஒன்றை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். கையில் மாட்டே என்னும் இலைப்பானம் குடிக்கும் சுரைக்குடுவை, அக்குளில் வெந்நீர்க் குடுவை. அந்த வெயிலிலும் சுடச்சுட மாட்டே உறிஞ்சுகிறார்கள்.

முரசுக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினார். பல ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். போகா என்பது புவெனஸ் அய்ரஸின் துறைமுகத்தை ஒட்டிய பகுதியின் பெயர் என்றார். இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் 1905-இல் தொடங்கிய கிளப். தென்னமெரிக்கச் சாம்பியன் பட்டமான லிபர்தடோரஸ் கோப்பையை ஆறு முறை வென்றது. ஐரோப்பாவின் சாம்பியனும் தென்னமெரிக்காவின் சாம்பியனும் மோதிய பழைய இன்டர்கான்டினென்டல் கோப்பையை 1977, 2000, 2003 என்று மூன்று முறை வென்றது.

2000-இல் டோக்கியோவில் ரியால் மாட்ரிட்டுடன் நடந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. ஜப்பானில் இரவு என்றால் அர்ஜென்டினாவில் காலை. ஊரே விடியற்காலையில் எழுந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்ததாம். ஆறு நிமிடத்துக்குள் மார்த்தின் பலெர்மோ இரண்டு கோல் அடித்துவிட்டார். 2-1 என்று ஆட்டம் முடிந்தது. "அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. போனவர்களும் வேலை பார்க்கவில்லை" என்றார்.

பெரியவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது ஒன்று எனக்கு உறைத்தது. தென்னமெரிக்காவின் கிளப்புகளுக்கு ஐரோப்பாவுடன் மோதும் இத்தகைய போட்டி எப்போதுமே வெறும் ஒரு கோப்பை அல்ல. தங்கள் ஊரில் வளரும் நல்ல ஆட்டக்காரர்கள் பலரை இளம் வயதிலேயே ஐரோப்பா விலைகொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சம் இருப்பவர்களை வைத்துக்கொண்டு அந்த ஐரோப்பாவோடு நேருக்கு நேர் நிற்க அவர்களுக்குக் கிடைக்கும் அரிய மேடை இது. இந்த முறையும் மயாமியில் பென்ஃபிகாவுடன் 2-2 என்று டிரா செய்தார்கள். பெய்ரனிடம் 1-2 என்று கடைசி நிமிடங்களில்தான் தோற்றார்கள். அடுத்த சுற்றுக்குப் போக இன்று ஆக்லாந்தைப் பெரிய கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். அதே நேரத்தில் ஷார்லட் நகரில் நடக்கும் ஆட்டத்தில் பெய்ரன் பென்ஃபிகாவைத் தோற்கடிக்கவும் வேண்டும்.

"எத்தனை கோல் அடிப்பீர்கள்?" என்று தங்கை மகன் அவரிடம் கேட்டான். பெரியவர் இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டினார்.

முதல் பாதி

வாசலில் கண்ணாடி போல உள்ளே தெரியும் பையைத்தான் அனுமதிக்கிறார்கள். டிக்கெட் எல்லாம் கைபேசியில். உள்ளே நுழைந்து படியேறியதும் புல்தரை கண்ணைப் பறிக்கிறது. இருக்கைகள் ஆடுகளத்துக்கு மிக அருகில். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது காதில் விழுகிறது. ஒரு கோலுக்குப் பின்னால் இருந்த பகுதி முழுக்க நீலமும் மஞ்சளும் அப்பிக் கிடந்தது. மேல் அடுக்கில் காலி இருக்கைகள் நிறையத் தெரிந்தன. செவ்வாய்க்கிழமை மதியம், சுட்டெரிக்கும் வெயில். அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது.

ஆட்டம் தொடங்கியதுமே இரண்டு அணிக்கும் உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. போகாவினர் பந்தை ஒரே தொடுதலில் தள்ளிவிட்டு ஓடுகிறார்கள். ஆக்லாந்துக்காரர்களுக்கு இரண்டு தொடுதல் தேவைப்படுகிறது. அந்த ஒரு தொடுதலுக்குள் எதிராளி காலடிக்கு வந்துவிடுகிறான். தொழில்முறை ஆட்டக்காரன் என்பதற்கு இதுதான் பொருள். நாள் முழுக்க அதையே செய்து செய்து யோசிக்கும் நேரத்தைக் குறைத்து வைத்திருக்கிறான்.

ஆனால் ஆக்லாந்து குலையவில்லை. பத்து பேரும் பந்துக்குப் பின்னால் நெருக்கமாக நின்றார்கள். ஒருவர் முன்னேறினால் இன்னொருவர் அந்த இடத்தை அடைத்தார். டிஃபென்ஸ் ஆடுகிற தங்கை மகன்தான் முதலில் கவனித்தான். "மாமா, அந்த நாலு பேரும் ஒரே கோட்டுல இருக்காங்க பாருங்க. ஒருத்தன்கூட லைனை விடல." அதன் பிறகு அவன் கைபேசியைக் கையில் எடுக்கவே இல்லை.

ஷார்லட்டில் 13-ஆவது நிமிடத்தில் பென்ஃபிகா கோல் அடித்த செய்தி எங்கள் அரங்கத்திலும் பரவியது. பாட்டு ஒரு கணம் தளர்ந்து பிறகு இன்னும் சத்தமாக எழுந்தது. 26-ஆவது நிமிடத்தில் போகாவுக்குக் கார்னர். லவுதாரோ டி லொல்லோ எம்பித் தலையால் முட்டினார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி, பாய்ந்து விழுந்த ஆக்லாந்து கோல்கீப்பர் நேதன் கேரோவின் உடம்பில் மோதி வலைக்குள் போய்விட்டது. கணக்கில் அது சேம் சைடு கோல். அவர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. சரியான திசையில் பாய்ந்ததற்குக் கிடைத்த தண்டனை அது.

1-0. இனி மழையாகக் கொட்டும் என்று நீல-மஞ்சள் பக்கம் காத்திருந்தது. கொட்டவில்லை. போகா அடித்துக்கொண்டே இருந்தது. கேரோ எழுந்து நின்று தடுத்துக்கொண்டே இருந்தார். இடைவேளைக்கு 1-0 என்றே போனார்கள். முதல் ஆட்டத்தில் இதே நேரத்தில் பெய்ரன் அவர்களை 6-0 என்று முந்தியிருந்தது.

52-ஆவது நிமிடம்

இடைவேளை முடிந்து சில நிமிடங்களில் ஆக்லாந்துக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எதிரணியின் கோல் பக்கம் அவர்கள் போவதே அரிதாக இருந்ததால், அதை ஒரு நிகழ்ச்சி போலவே எல்லாரும் பார்த்தார்கள். ஜெர்சன் லாகோஸ் பந்தை வைத்தார். உயரமான தடுப்பாட்டக்காரர்கள் பின்னாலிருந்து மெல்ல மேலே ஏறி வந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் கிரே.

பந்து வளைந்து வந்தது. கிரே கூட்டத்துக்குள்ளிருந்து எழும்பி முட்டினார். வலை அசைந்தது.

ஒரு நொடி அரங்கத்துக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. அடித்த கிரேவுக்கே புரிந்த மாதிரி தெரியவில்லை. பிறகு ஆக்லாந்து அணி மொத்தமும் அவர் மேல் பாய்ந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து குதித்தார்கள். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த நியூசிலாந்துத் தம்பதி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். எந்த அணிக்கும் சம்பந்தமில்லாமல் ஆட்டம் பார்க்க வந்திருந்த நாஷ்வில்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தங்கை மகன் தொண்டை கிழியக் கத்தினான். நானும் கத்தினேன்.

இந்தப் போட்டியில் ஆக்லாந்து சிட்டி அடித்த முதல் கோல். ஒரே கோலும் அதுதான்.

கொண்டாட்டம் அடங்கிச் சில நிமிடங்களில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். வானம் ஒரு பக்கம் கறுத்திருந்தது. மின்னல் அருகில் வந்துவிட்டது. எல்லாரும் இருக்கையை விட்டு உள்பக்கம் போகும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அமெரிக்க விளையாட்டு அரங்கங்களில் இதற்குக் கண்டிப்பான நடைமுறை உண்டு. அரங்கத்தைச் சுற்றி ஏறக்குறைய 13 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் விழுந்தால் ஆட்டம் நிற்கும். கடைசி மின்னலிலிருந்து முப்பது நிமிடம் கழித்தே மறுபடி தொடங்கலாம். நடுவில் இன்னொரு மின்னல் விழுந்தால் முப்பது நிமிடக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்தக் கோடையில் பல ஆட்டங்கள் இப்படி நின்றன. ஓர்லாண்டோவில் ஆக்லாந்து-பென்ஃபிகா ஆட்டம் இடைவேளையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தது.

கூரைக்கு அடியில்

இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள நடைகூடத்தில் எல்லாரும் நெருக்கியடித்து நின்றோம். போகாவின் பாட்டு நின்றபாடில்லை. கூரைக்கு அடியில் அது இன்னும் பெரிதாக எதிரொலித்தது. முன் வரிசைத் தம்பதி எங்கள் பக்கத்திலேயே வந்து நின்றார்கள். ஆக்லாந்தின் சாண்ட்ரிங்காம் பகுதிக்கு அருகில் குடியிருப்பவர்கள். கிளப்பின் சொந்த மைதானமான கிவிட்டியா ஸ்ட்ரீட் அங்கேதான் இருக்கிறது. வீடுகளுக்கு நடுவே சில ஆயிரம் பேர் மட்டுமே பார்க்கக்கூடிய சின்ன மைதானம்.

நாங்கள் எந்த ஊர் என்று அந்த அம்மா விசாரித்தார். தமிழ்நாடு என்றதும் சிரித்தார். சாண்ட்ரிங்காம் கடைத்தெரு முழுக்க இந்திய, இலங்கைக் கடைகளாம். ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தோசை வாங்கிக்கொண்டு போவது அவர்கள் வீட்டுப் பழக்கம் என்றார். உலகத்தின் மறு கோடியில், இந்த அணியின் மைதானத்துக்குப் பக்கத்தில், யாரோ ஒருவர் தினமும் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கேட்டபோது அந்த அணி எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

பத்து கோல் வாங்கிய அன்று எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆறாவது கோலுக்குப் பிறகு நான் ஸ்கோரைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் ஓடுவதை நிறுத்துகிறார்களா என்று மட்டும் பார்த்தேன். நிறுத்தவில்லை."

முக்கால் மணி நேரம் போல அங்கே நின்றோம். அதற்குள் ஷார்லட் ஆட்டம் முடிந்துவிட்டது. பென்ஃபிகா பெய்ரனை 1-0 என்று வென்றிருந்தது. நடைகூடத்தில் இருந்த நீல-மஞ்சள் சட்டைக்காரர்கள் கைபேசியில் அதைப் பார்த்தார்கள். இனி எத்தனை கோல் அடித்தாலும் போகா அடுத்த சுற்றுக்குப் போகாது. ஒரு இளைஞன் கொடியை முகத்தில் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அவன் அண்ணன் போல இருந்தவர் குனிந்து அவன் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். பிறகு இருவரும் எழுந்து போய்ப் பாடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். வெளியேறிவிட்டோம் என்று தெரிந்த பிறகும் பாடுவதற்கு மனத்தில் தனி உரம் வேண்டும். அதை அன்று நான் நேரில் பார்த்தேன்.

மீதி முப்பத்து சொச்சம் நிமிடம்

ஆட்டம் மறுபடி தொடங்கியபோது வெப்பம் கொஞ்சம் தணிந்திருந்தது. போகாவுக்கு இனிப் புள்ளிக் கணக்கில் லாபம் எதுவும் இல்லை. ஆனாலும் வாரத்துக்கு 150 டாலர் வாங்குகிற அணியுடன் டிரா என்று ஊருக்குத் திரும்ப எந்தப் போகாக்காரனும் விரும்ப மாட்டான். தாக்குதல் அலையலையாக வந்தது. குறுக்கே பந்தை அனுப்புகிறார்கள். தூரத்திலிருந்து உதைக்கிறார்கள். கார்னருக்கு மேல் கார்னர்.

ஆக்லாந்து ஆட்டக்காரர்களின் கால் தடுமாறுவது தெரிந்தது. உலகத்தின் இந்தப் பாதியில் அவர்கள் கோடை நடுவில் ஆடவேண்டியிருந்தது. அவர்கள் ஊரில் அப்போது குளிர்காலம். ஒருவர் சுளுக்குப் பிடித்து விழுவார். இன்னொருவர் ஓடிவந்து காலை நீட்டிவிடுவார். விழுந்தவர் எழுந்து தன் இடத்துக்கே ஓடுவார். பந்தை உதைத்துத் தள்ளும்போதெல்லாம் அரங்கத்தில் கைதட்டல் எழுந்தது. கேரோ உயரமான பந்துகளைக் கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தார். முதல் பாதியில் அவர் உடம்பில் பட்டு உள்ளே போன கோலை அவர் அப்போதே விட்டுத்தள்ளிவிட்டார் என்று பட்டது.

நடுவர் கடைசி விசில் ஊதியபோது 1-1.

ஆக்லாந்துக்காரர்கள் இருந்த இடத்திலேயே முழங்காலிட்டார்கள். சிலர் மல்லாந்து படுத்தார்கள். பிறகு எழுந்து, தங்களுக்காக வந்திருந்த சிறு கூட்டத்தின் முன்னால் போய் வரிசையாக நின்றார்கள். போகா ஆட்டக்காரர்களும் தங்கள் ரசிகர்கள் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றார்கள். அந்தக் கூட்டம் அவர்களை ஏசியது. ஆனால் கலையவில்லை.

புள்ளியின் கணக்கு

அட்டவணையில் 'சி' பிரிவு இப்படி முடிந்தது: பென்ஃபிகா 7, பெய்ரன் 6, போகா 2, ஆக்லாந்து 1. அடித்தது ஒரு கோல், வாங்கியது பதினேழு. வெறும் எண்ணாகப் பார்த்தால் கடைசி இடம்.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை 100 கோடி டாலர். கலந்துகொள்வதற்கே ஐரோப்பிய அணிகளுக்குத் தரவரிசையைப் பொறுத்து ஏறக்குறைய 1.28 கோடி முதல் 3.82 கோடி டாலர் வரை. தென்னமெரிக்க அணி ஒவ்வொன்றுக்கும் 1.52 கோடி. ஓசியானியாவின் ஒரே அணிக்கு 35.8 லட்சம். ஒரு டிராவுக்கு 10 லட்சம் டாலர். கிரேவின் தலை பட்ட அந்தப் பந்து, தெருமுனை மைதானம் ஒன்றில் ஆடும் கிளப்புக்கு 10 லட்சம் டாலரைக் கொண்டுவந்தது. அந்தப் பணம் நியூசிலாந்தின் உள்ளூர் லீக்கில் ஒரே கிளப்பை மிகவும் உயர்த்திவிடுமோ என்ற கவலை அங்கே இருக்கிறது. நியாயமான கவலைதான். அப்படிப்பட்ட பணம் கீழே உள்ள சிறுவர் அணிகளுக்கும் மைதானங்களுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் நல்லது.

இந்தப் போட்டியில் குறைகள் நிறைய. சுட்டெரிக்கும் மதிய நேரங்களில் ஆட்டம் வைத்தது தவறு. ஓர்லாண்டோவில் தென்னாப்பிரிக்காவின் மமலோடி சன்டவுன்ஸும் கொரியாவின் உல்சானும் ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஐரோப்பியச் சீசன் முடிந்த களைப்போடு ஆட்டக்காரர்களை மறுபடி இழுத்து வந்ததும் சரியில்லை. இவற்றை எல்லாம் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் ஆக்லாந்து சிட்டி மாதிரி அணி எதற்கு வர வேண்டும் என்ற கேள்வியில் மட்டும் நான் அவர்களோடு சேர மாட்டேன். அன்று மாலை அரங்கத்தை விட்டு வெளியே வந்தபோது என் பதில் எனக்குத் தெளிவாகிவிட்டது. இந்தப் போட்டிக்கு ஒருவர் வருவதற்கான உரிமை தன் வட்டாரத்தில் ஆடிக் காட்டியதால் கிடைக்கிறது. பெய்ரன் ஐரோப்பாவில் சம்பாதித்த உரிமையும் ஆக்லாந்து கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்த உரிமையும் ஒரே எடைதான். வசதி வைத்து இடம் கொடுப்பதென்றால், ஐரோப்பாவின் பணக்காரக் கிளப்புகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் இன்னொரு போட்டியாக இது சுருங்கிவிடும். அப்படிப்பட்ட போட்டி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பெரிய அணிகளுக்கும் இதில் பயன் உண்டு. அந்த மாதம் ரோஸ் பவுல் அரங்கத்தில் பிரேசிலின் பொட்டாஃபோகோ, ஐரோப்பியச் சாம்பியனான பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னை 1-0 என்று தோற்கடித்தது. சவூதியின் அல் ஹிலால் மான்செஸ்டர் சிட்டியை 4-3 என்று வெளியேற்றியது. கால்பந்தின் எல்லை எங்கே இருக்கிறது என்பது இப்படி மோதிப் பார்த்தால்தான் தெரியும். பத்து கோலும் அந்த உண்மையின் ஒரு பகுதி, 1-1 இன்னொரு பகுதி. முதலாவதைத் தாங்கிக்கொண்டவர்களால்தான் இரண்டாவதைச் செய்ய முடிந்தது.

திரும்பும் வழியில் தங்கை மகன் நெடுநேரம் பேசிக்கொண்டே வந்தான். ஆக்லாந்தின் தடுப்பு வரிசை எப்படி ஒருவரை ஒருவர் பார்த்து நகர்ந்தது, கார்னரில் கிரே எந்த இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தார் என்று நுணுக்கமாகச் சொன்னான். பள்ளி அணியில் தன் பயிற்சியாளரிடம் அதைக் காட்டப் போவதாகச் சொன்னான். பெய்ரன் ஆட்டக்காரர்கள் செய்வதை அவனால் செய்ய முடியாது. இதைச் செய்து பார்க்க முடியும்.

2026-இல் ஓசியானியாவில் தொழில்முறை லீக் ஒன்று தொடங்கியது. அதில் ஆக்லாந்து சிட்டி இல்லை. தீவுகளின் இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு கால்பந்து ஆட வழி திறப்பது நல்ல செய்தி. அதே நேரத்தில், வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறவர்கள் வென்று மேலே ஏறிவர ஒரு வழியும் திறந்தே இருக்க வேண்டும். அடுத்த கிளப் உலகக் கோப்பை 2029-இல். அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று இப்போதே பேசுகிறார்கள். கூட்டுவதென்றால் முதல் கூடுதல் இடம் ஓசியானியாவுக்குப் போகட்டும். பத்து கோல் வாங்கிவிடுவார்களோ என்று பயந்து ஒரு வட்டாரத்தின் சாம்பியனை வாசலில் நிறுத்துகிற போட்டிக்கு, உலகம் என்ற சொல்லைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது.